காற்றரசியின் அம்மா

மண்டி மொஹல்லா, மைசூரு
14 ஜூன் 2025

அன்புள்ள ஜீவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் சுகம். உன் சுகத்தைத் தினமும் வீடியோவில் பார்க்கிறேன். கன்னம் ஒட்டியிருக்கிறது, ஜெர்மனிக்காரர்கள் சோறு போடுகிறார்களா இல்லையா என்று தெரியவில்லை.

தினமும் பேசுகிற மனுஷன் எதற்கு மெயிலில் நீட்டி முழக்குகிறான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் வந்ததுமே மனிஷா என் மடியில் ஏறிக்கொள்கிறாள். நம் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, கடைக்கு மேலே ஒரே அறை. அவள் காதில் விழாமல் பேச மொட்டை மாடிக்குப் போனால் அங்கேயும் பின்னாலேயே வருகிறாள். அதனால் கடையில் பிளெக்ஸ் பேனர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தட்டுகிறேன். ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் வாழ்த்து அடித்துக் கொடுக்கிறவன், பெண்டாட்டிக்கு நாலு வரி அடிக்க மாட்டேனா.

மனிஷா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி விட்டதும் எதிர்வீட்டு லிங்கம்மா கூட்டிவந்து, நான் கடையைச் சாத்தும்வரை தன்னிடமே வைத்துக்கொள்கிறார். நல்ல மனுஷி. பிள்ளையின் தமிழில் பாதி கன்னடமாகிவிட்டது, அது ஒன்றுதான் குறை. என் தமிழும் இந்த மண்டியில் அப்படித்தானே ஆனது.

இப்போது தலைவலி என்னவென்றால் ‘காற்றரசி’. ஞாபகம் இருக்கிறதா? நீ வயிற்றுப் பிள்ளையோடு அடம்பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போன படம். நான் தூங்கிவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாயே, அதேதான். லிங்கம்மா வீட்டு டிவியில் அதை ஒருநாள் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் போனிலும் அதுதான் ஓடுகிறது. நிறுத்தினால் சோறு இறங்குவதில்லை.

நான் தூங்கியதில் தப்பே இல்லை, ஜீவி. காற்றாலைகள் நிறைந்த ஒரு மலையூர். அம்மா அங்கே இன்ஜினியர். புயலில் ஒரு காற்றாலை கட்டுக்கடங்காமல் சுற்றுகிறது, ஊர்மேல் விழப்போகிறது. அம்மா ஏறி நிறுத்துகிறாள், காற்று அவளை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சின்ன மகள் மாடியில் நின்று கையை நீட்டிக் கத்துகிறாள். காற்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், பிள்ளைக்குச் சக்தி வந்தாயிற்று, இனி இடைவேளைவரை உடுப்பு தைக்கலாம். பெற்றவர்களைச் சாகடிக்காமல் ஒரு பிள்ளையைப் பறக்கவிட இவர்களுக்குத் தெரியாது. அந்தப் புயலும் ஏதோ கல்யாண ஹால் புகை மாதிரி இருக்கிறது. என் கடைப் பையனே இதைவிட நன்றாகச் செய்வான்.

சரி. ஜனவரியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. வருகிற தேதியைச் சொன்னால் நல்லது. மனிஷா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்,
சந்துரு

*

கசல், ஜெர்மனி
22 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மெயிலை வேலை முடிந்து வரும் வழியில் டிராமில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். இங்கே யாரும் தனியாகச் சிரிப்பதில்லை.

என் கன்னம் எப்போதும் போலத்தான் இருக்கிறது. நீங்கள்தான் போனை ஜன்னலுக்கு எதிரே பிடிக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை ஜாஸ்தி. ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரி மாதிரி "சிஸ்டர், அதை எடு, இதை எடு" என்ற அதட்டல் இல்லை. போன வாரம் ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டியபோது நான் சொன்னதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுத்தார். எனக்குக் கொஞ்ச நேரம் கால் தரையில் படவில்லை.

படத்தைப் பற்றி நீங்கள் சொல்வது அநியாயம். எனக்கு அது பிடித்த படம். அன்றைக்கு அந்த அம்மா ஏறும்போது நான் தேம்பித் தேம்பி அழுதேன். நீங்கள் என் தோளில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைக்காக உயிரையே கொடுக்கிறாளே, இப்படி ஒரு அம்மாவாக இருக்க வேண்டும் என்று வயிற்றைத் தடவிக்கொண்டே நினைத்தேன். அதனால் என் மகளுக்கு அது பிடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் தினமும் வேண்டாம். கண் கெட்டுப்போகும்.

ஜனவரியைப் பற்றி இங்கே இன்னும் பேச்சு எடுக்கவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் கேட்பார்கள். பார்க்கலாம் மாமா.

தலைக்கு எண்ணெய் வைத்து விடுங்கள். அவளுக்கும், உங்களுக்கும்.

உங்கள்,
ஜீவிதா

*

மண்டி மொஹல்லா, மைசூரு
9 ஜூலை 2025

அன்புள்ள ஜீவிக்கு,

"பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், காதுகுத்து பேனரில் குழந்தையின் மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கு இப்போது எதிலும் கவனம் நிற்பதில்லை.

நீ திட்டியதற்காக ‘காற்றரசி’யை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்து என்பது பொய். பாதி நேரம் நின்றுகொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்த்தேன். படம் நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வேறொரு கோபம் வந்துவிட்டது.

அந்தப் படத்தில் ஒரு அப்பா இருக்கிறார், கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். அந்த ஆளுக்குப் பெயரே வைக்கவில்லை. அம்மா போன அன்று மகளைக் கட்டிக்கொண்டு "அம்மா வந்துருவா கண்ணு" என்று ஒரு பொய் சொல்கிறார். அதற்குப் பிறகு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. அந்தப் பெண் வளர்கிறாள், படிக்கிறாள், பறக்கிறாள், எந்த இடத்திலும் ஜடை கலையவில்லை. அதை யார் பின்னினார்கள்? யாரோ தினமும் சீப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அந்த யாரோவை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. மனிஷாவின் முடியை அவிழ்க்க நான் படுகிற பாட்டை அந்த டைரக்டர் வந்து பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம். நான்கு நாளாக அவள் போனுக்கு வரவில்லையே, தூங்கிவிட்டாள் என்று சொன்னேனே, அது உண்மையில்லை. உன் அழைப்பு மணி கேட்டதும் லிங்கம்மா வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். கேட்டால் "அம்மா பேடா" என்கிறாள். அம்மா வேண்டாமாம். ஏன் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். உனக்குச் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

உன்,
சந்துரு

*

கசல்
10 ஜூலை 2025

மாமா,

பெற்ற பிள்ளை என்னை வேண்டாம் என்கிறாள், அதைக் காதுகுத்து பேனருக்கும் ஜடைக்கும் கீழே கடைசிப் பத்தியில் எழுதுகிறீர்கள்.

அவளிடம் யார் என்ன சொன்னார்கள்? நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று யாராவது சொன்னார்களா? கோபத்தில் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? இன்றைக்கு என்னால் ஒருவருக்கும் ஒழுங்காக ஊசி போட முடியவில்லை. வேறு ஒருத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

கண்டுபிடித்து எழுதுங்கள். படத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜீவிதா

*

மண்டி மொஹல்லா, மைசூரு
27 ஜூலை 2025

அன்புள்ள ஜீவிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். மன்னித்துக்கொள், படத்தைப் பற்றி எழுதாமல் முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறாள்.

இந்த ஆடிக் காற்று உனக்குத் தெரியும். நேற்று மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்துக் கூரைக்குப் போய்விட்டது. எடுக்கப் போனேன். மனிஷா மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தாள். என் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. எனக்குக் கூப்பிடவும் பயம். கூப்பிட்டால் திரும்புவாளே. மெதுவாகப் போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்து இறக்கினேன்.

"என்னடி பண்ணே மேல?" என்றேன்.

"காத்த நிறுத்துறேன். நீங்க கெடுத்துட்டீங்க."

"உன்னால முடியாதுடா தங்கம். அது சினிமா."

"முடியும். இன்னும் டைம் ஆகல. அம்மா இன்னும் முழுசா போகல இல்ல? போன்ல வருதில்ல? அதான் சக்தி வரல."

அவளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் பிடுங்கினேன். பள்ளி திறந்த புதிதில் ஒருநாள் எல்லா அம்மாக்களும் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து அழுதிருக்கிறாள். லிங்கம்மா சமாதானம் செய்ய, "அளபேடா மகளே, அழாதே. காற்றரசிக்கும் அம்மா போன அப்புறம்தானே சக்தி வந்தது" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் தினமும் படம். அதற்குப் பிறகுதான் போன் வேண்டாம். நீ போனில் வருவதால்தான் சக்தி தடைபடுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நீ திரும்பி வந்துவிட்டால் மொத்தமாகப் போய்விடுமாம்.

லிங்கம்மாவிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். அவளுக்கு உன்மேல் வெறுப்பு இல்லை, ஜீவி. அதை மட்டும் நம்பு. சீக்கிரம் வந்துவிடு, அவளுக்கு நீ வேண்டும்.

உன்,
சந்துரு

*

கசல்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மெயிலைப் படித்த அன்றே விமான டிக்கெட் தேடினேன். பணம் கட்டும் இடம்வரை போய் நின்றேன். நான் வந்தால் பிள்ளைக்குச் சக்தி போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது, பைத்தியம் மாதிரி சிரித்தேன், அப்புறம் அழுதேன். டிக்கெட் போடவில்லை.

அதற்குப் பதில் ‘காற்றரசி’யைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. ஒரு தடவை இல்லை. சமையலறையில், டிராமில், சாப்பாட்டு இடைவேளையில், அந்த முதல் அரைமணி நேரத்தை மட்டும் திரும்பத் திரும்ப. வேலையிடத்தில் எல்லோரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

மாமா, அந்த அம்மாவை யாரும் ஏறச் சொல்லவில்லை.

நீங்கள் பார்த்தீர்களா? கூட வேலை செய்கிற மீசைக்காரர் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். "நான் போறேன், உனக்குக் குழந்தை இருக்கு" என்கிறார். அவள் அந்தக் கயிற்றைப் பிடுங்கித் தன் இடுப்பில் கட்டுகிறாள். தியேட்டரில் அதைத் தியாகம் என்று நினைத்து அழுதேன். இப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மேலே ஏற ஏற அவளுக்குச் சந்தோஷம். தனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்ய, தன்னால் மட்டுமே முடிகிற இடத்துக்குப் போகிற சந்தோஷம். பிள்ளையின் நினைப்பு அந்த முகத்தில் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு இல்லவே இல்லை.

எனக்கு அந்த முகம் தெரியும். தினமும் காலையில் இங்கே கண்ணாடியில் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இங்கே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் ஹனூரில் அப்பா பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்றார், மைசூரில் எனக்கு நேரமில்லை. இப்போது ஆற்றங்கரை வழியாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். நான் சந்தோஷமாக இருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை. நீங்கள் அங்கே ஜடையோடு மல்லுக்கட்டும்போது நான் இங்கே சந்தோஷமாக இருக்கலாமா?

ஜனவரியைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். நிரந்தர வேலை தருகிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ளலாம், நீங்கள் முதலில் ஜெர்மன் பரீட்சை எழுத வேண்டும். எனக்குப் போட வேண்டும் என்று இருக்கிறது. ஒளிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வந்ததிலிருந்து நீங்கள் எழுதியதிலும் பேசியதிலும் எல்லாம் மனிஷா கேட்கிறாள், மனிஷாவுக்கு வேண்டும், மனிஷா தேடுகிறாள். அந்தப் படத்து அப்பாவுக்காவது ஒரு வசனம் இருக்கிறது. நீங்கள் உங்களுக்கென்று ஒரு வரி சொல்லவில்லை. உங்களுக்கு நான் வேண்டுமா, வேண்டாமா?

உங்கள்,
ஜீவிதா

*

கசல்
14 செப்டம்பர் 2025

மாமா,

ஒரு மாதமாகிவிட்டது. போனில் நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மனிஷா கதவுக்குப் பின்னால் நிற்பது அவள் நிழலில் தெரிகிறது. நீங்கள் என் கேள்வியைப் படித்தது எனக்குத் தெரியும். கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். இங்கே எந்த வேலையிலும் நிலைகொள்ள முடியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

ஜீவிதா

*

மண்டி மொஹல்லா, மைசூரு
25 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜீவிக்கு,

தசராவுக்கு ஊரெல்லாம் விளக்கு, எனக்கு ஊரெல்லாம் பேனர். ஆனால் அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். எழுதினேன், அழித்தேன். கோபம் இருந்தது. சைக்கிள் விஷயத்தில்தான் அதிகக் கோபம். நீ சைக்கிள் ஓட்டுவதை நான் பார்க்கவே இல்லையே என்று.

நீ சொன்னதைச் சரிபார்க்காமல் விடுவேனா. அந்த ஏறுகிற காட்சியைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு இதுதானே பிழைப்பு. உம்மணாமூஞ்சிகள் கொண்டுவருகிற போட்டோக்களில் வாயோரத்தை இழுத்துச் சிரிக்க வைத்துக் காசு வாங்குகிறவன். ஒட்டவைத்த சிரிப்பு எது, உள்ளேயிருந்து வந்தது எது என்று எனக்குத் தெரியும். அவள் சிரிப்பு உள்ளேயிருந்துதான் வருகிறது. நான் தூங்கியது தப்புதான். பார்க்க வேண்டிய படம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிஷா வந்து ஸ்டூலில் ஏறி நின்றாள். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை பார்த்த படம், இந்த இடம் அவளுக்குப் புதிதாக இருந்தது.

"அந்த அம்மா ஏன் சிரிக்குது?" என்றாள்.

"அதுக்கு அந்த வேலை புடிச்சிருக்கு."

"நம்ம அம்மாவுக்கு?"

"புடிச்சிருக்கு."

"அப்ப அம்மா வராதா?"

ஜீவி, வந்துருவா கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெயரில்லாத ஆளைத் திட்டிவிட்டு நானும் அதையே சொல்வதா. "தெரியலடா. அம்மாவுக்கு அங்க இருக்கணும்னு ஆசையா இருக்கு. உன்மேலயும் ஆசையா இருக்கு. ரெண்டும் இருக்கு" என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு யோசித்தாள். லிங்கம்மாவின் சமையல்கட்டுக்குப் போனாள், முறுக்கு வாங்கினாள், திரும்பி வந்தாள்.

"அப்பா. போனது அம்மாதானே. அப்டீன்னா சக்தி அம்மாவுக்குத்தானே வந்திருக்கும்?"

ஆமாம் என்றேன்.

"நமக்குத் தெரியவே இல்ல பாருங்க" என்றாள், ஏதோ பெரிய மனுஷி போல. அதற்குப் பிறகு மாடிப் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நாளைக்கு நீ கூப்பிட்டால் வருவாள் என்று நினைக்கிறேன். என்ன சக்தி என்று கேட்பாள், ஏதாவது பதில் வைத்துக்கொள்.

இனி உன் கேள்வி. ஒரு மாதம் ஓடி ஒளிந்தது இதற்காகத்தான். மனிஷா கேட்கிறாள் என்று சொன்னதெல்லாம் பாதி உண்மை. நீ போன பிறகு உன் பக்கத்துத் தலையணையை லிங்கம்மா கேட்டார், அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். காய்கறிக்கடையில் யாராவது உன்னை மாதிரி பேரம் பேசினால் நின்று கேட்கிறேன். எனக்கு நீ இல்லாமல் எதுவும் பிடிபடவில்லை.

அங்கே வருவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த மொழியின் முதல் பாடத்தைப் பார்த்தேன், மேசைக்கும் கதவுக்கும் ஆண் பெண் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கடையை விட்டால் நான் யார் என்றும் தெரியவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

திரும்பி வா என்று இனி மனிஷா பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டேன். நான் கேட்கிறேன், சந்துரு கேட்கிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடு.

உன்,
சந்துரு